கல்லாவுக்கு அந்தப் பக்கம்

சிங்காரப்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருப்பவருக்கு இரண்டு வகை வாடிக்கைக்காரர்கள் உண்டு. மாதம் பிறந்ததும் சீட்டு எழுதிக்கொண்டு வந்து, சாமானைச் சாக்குப்பையில் கட்டிக்கொண்டு போகிறவர்கள் ஒரு வகை. வாத்தியார், மின்வாரியத்துக்காரர், மாந்தோப்புக்காரர். கடைக்கு மரியாதை அவர்களால். கடை ஓடுவது என்னவோ, பொழுது சாய்ந்து விளக்கு வைத்த பிறகு வருகிறவர்களால். கூலி வாங்கிய கையோடு நேராக வருவார்கள். அரைப்படி அரிசி, ஐம்பது கிராம் துவரம்பருப்பு, கையோடு கொண்டுவந்த சீசாவில் ஒரு கரண்டி கடலெண்ணெய், ஒரு பிடி மிளகாய், ஒரு உருண்டை புளி. மறுநாள் சாயங்காலம் அதே ஆள், அதே சீசா, அதே அளவு.

ஊர் ஜவ்வாது மலையின் அடிவாரம். கிருஷ்ணகிரியிலிருந்து மத்தூர், ஊத்தங்கரை வழியாகச் செங்கம், திருவண்ணாமலை போகிற சாலையில் இருக்கிறது. மலையிலிருந்து சாமை, தேன், கடுக்காய், சீத்தாப்பழம் என்று தலைச்சுமையாகக் கொண்டுவந்து விற்றுவிட்டு, உப்பும் கருவாடும் வாங்கிக்கொண்டு போவார்கள். கீழே இருப்பவர்களுக்கு வேர்க்கடலை பிடுங்கும்போது கூலி உண்டு. புளி அடிக்கும்போது உண்டு. மாங்காய்க் காலத்தில் தாராளமாக உண்டு. நடுநடுவே ஒன்றும் இருக்காது. அந்த நாட்களில் சீசாவை நீட்டும்போதே குரல் தணிந்துவிடும். "எழுதிக்கோங்கண்ணா."

அப்பா எழுதிக்கொள்வார். அவர் தலைக்கு மேலே இரண்டு பலகைகள் தொங்கும். ஒன்றில் "கடன் அன்பை முறிக்கும்." இன்னொன்றில் "இன்று ரொக்கம் நாளை கடன்." தமிழ்நாட்டில் இந்த இரண்டு பலகையும் இல்லாத மளிகைக் கடையை நான் அதிகம் பார்த்ததில்லை. பலகைக்குக் கீழே நீளமான பற்று நோட்டு இல்லாத கடையையும் பார்த்ததில்லை.

1979-ல் ஆறாம் வகுப்புக்கு என்னைக் கிருஷ்ணகிரியில் ஒரு மிஷன் ஹாஸ்டலில் சேர்த்தார்கள். எங்களுக்கும் கிறிஸ்தவத்துக்கும் சம்பந்தமில்லை. அங்கே படித்தால் இங்கிலீஷ் வரும் என்று மாமா சொன்னார். அது போதுமாக இருந்தது. "எந்தச் சாமியா இருந்தா என்ன, படிப்பு வந்தா சரி" என்று டிரங்குப் பெட்டியைத் தூக்கி பஸ் மேலே போட்டார் அப்பா. அப்போது கிருஷ்ணகிரி தர்மபுரி மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டமானது 2004-ல்தான்.

காலையில் பல் தேய்த்ததும் ஒரு தடவை, ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை, இயேசு தம் சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்த செபத்தைச் சொல்ல வேண்டும். பரமண்டல செபம் என்று ஹாஸ்டலில் பெயர். பர்கூர், காவேரிப்பட்டணம், மத்தூர்ப் பக்கத்துப் பையன்கள் நாங்கள். எங்களில் பாதிப் பேர் விபூதி வீட்டுப் பிள்ளைகள். யாருக்கும் அதில் சங்கடம் இருந்ததாக நினைவில்லை. பதினாறாம் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்தோம். எந்த இடத்தில் மூச்சு விட வேண்டும் என்று பெரிய பையன்கள் சொல்லித் தந்தார்கள். ராத்திரிச் செபம் காலைச் செபத்தைவிட வேகமாக ஓடும், சாம்பார் வாசனை வந்துகொண்டிருக்குமே.

பிதா, ராஜ்யம், சித்தம், பரிசுத்தம் இவையெல்லாம் எனக்குச் சினிமாவில் ராஜாக்கள் பேசுகிற சொற்கள். ஆனால் நடுவில் இரண்டு வரிகள் மட்டும் தலையைத் தூக்கிப் பார்க்க வைத்தன. ஒன்று, அன்றைக்கு வேண்டிய சாப்பாட்டைக் கேட்கிற வரி. அடுத்தது கடன். எங்களுக்குப் பாக்கி வைத்தவர்களை நாங்கள் விடுகிற மாதிரி எங்கள் பாக்கியையும் விட்டுவிடும் என்று கேட்கிற வரி. வானத்தில் இருக்கிற கடவுளிடம் பேசிக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று எங்கள் கடைக்குள் வந்துவிட்டார்கள் என்று தோன்றியது. மற்றதெல்லாம் கோயில் பேச்சு. இந்த இரண்டு மட்டும் மளிகைக் கடைப் பேச்சு.

புரியாமல் சொல்வதில் எங்களுக்கு நல்ல முன்னோடிகள் இருந்தார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் தெரிந்தவர்களை உட்காரவைத்துச் செபங்களைத் தமிழாக்கி, அவரே மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லவைத்திருக்கிறார். சொல்லிக்கொடுத்தவருக்கும் மொழி புரியவில்லை, சொன்ன பிள்ளைகளுக்கும் பொருள் புரிந்திருக்காது. 1554-ல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் ஒரு தமிழ்ச் செபப் புத்தகம் அச்சானது. அச்சு இயந்திரம் பார்த்த முதல் தமிழ் அதுதான். அதிலும் இந்தச் செபம் உண்டு. அதாவது, தமிழ் அச்சேறிய முதல் தடவையே சோறும் கடனும் அதில் ஏறிவிட்டன.

எங்கள் பக்கத்துக் கதை வேறு. அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் சபை அனுப்பிய தியோடர் நேத்தர் 1895-ல் கிருஷ்ணகிரிக்கு வந்து வேலையைத் தொடங்கினார். பத்து வருடம் முடிவதற்குள் பிளேக் அவரைக் கொண்டுபோனது. அங்கிருந்துதான் ஆம்பூர், வாணியம்பாடி என்று அந்த மிஷன் பரவியது. லுத்தரன்காரர்களுக்குச் செபத்தை ஒப்பித்தால் மட்டும் போதாது. மார்ட்டின் லுத்தர் 1529-ல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் செபத்தின் ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒரு கேள்வி இருக்கும்: இதற்கு அர்த்தம் என்ன? பதிலையும் அவரே எழுதியிருப்பார். தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்த சீகன்பால்கு அதைத் தமிழாக்கினார். பல கை மாறி எங்கள் ஹாஸ்டல் உபதேசியாரின் கைக்கு வந்து சேர்ந்தது, ஓரம் மடங்கிய ஒரு சின்னப் புத்தகமாக.

உபதேசியார் ஒல்லியானவர். சைக்கிளில் கிளிப் போட்டு வருவார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்களை வேப்பமரத்தடியில் உட்காரவைத்துக் கேள்வியைப் படிப்பார், நாங்கள் பதிலைச் சொல்ல வேண்டும். சாப்பாட்டு வரிக்கு லுத்தர் எழுதியிருந்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. அவர் சாப்பாட்டோடு நிற்கவில்லை. துணி, செருப்பு, வீடு, வயல், மாடு, பணம், நல்ல பெண்டாட்டி பிள்ளைகள், நல்ல அரசாங்கம், காலத்தில் மழை, உடம்புக்குச் சுகம், நல்ல அக்கம்பக்கம் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். எல்லாமே சாப்பாட்டில் அடக்கம். இது மாதச் சீட்டு என்று நான் நினைத்தேன். அன்றாடம் வாங்குகிறவனின் சீட்டு இல்லை இது, மாந்தோப்புக்காரர் சீட்டு.

அடுத்து கடன் வரி. அதற்கான விளக்கத்தில் கடன் இல்லை, பாவம்தான் இருந்தது. எங்கள் பாவங்களைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று கேட்கிறோம் என்கிற ரீதியில் போகும். சாப்பாட்டு வரியில் பணத்தையும் மாட்டையும் சேர்த்துக்கொண்டவர், கடன் வரியில் மட்டும் கடனை எப்படி விட்டார்? கேட்டுவிட்டேன்.

"கடன்னா பாவந்தான்டா."

"எங்க கடையில நெறைய பேரு கடன் வெச்சிருக்காங்க ஐயா."

உபதேசியார் ஞானோபதேசத்தை மூடிவிட்டுச் சிரித்தார். "உங்க அப்பாவ ஒரு நாள் இங்க வரச் சொல்லு. எனக்கும் ஒரு கணக்கு ஆரம்பிக்கணும்."

அவர் சம்பளம் என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனால் ஹாஸ்டல் எதிரில் இருந்த பெட்டிக்கடையைத் தாண்டும்போது அவர் சைக்கிளை வேகமாக மிதிப்பதைப் பார்த்திருக்கிறேன். பற்று நோட்டு வீட்டில் வளர்ந்த பையனுக்கு அந்த வேகம் எதற்கென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்கள் கடையில் சித்திரை முதல் நாள் புதுக் கணக்கு. அதற்கு முந்தின ராத்திரி கடையைச் சாத்திவிட்டு அப்பாவும் அம்மாவும் பழைய நோட்டை நடுவில் வைத்துக்கொண்டு உட்காருவார்கள். பரீட்சை முடிந்து நான் லீவில் வந்திருப்பேன். பெயர் படிக்கும் வேலை எனக்கு. ஒரு பெயரைப் படித்ததும் அப்பா "ஏத்து" என்பார், அல்லது "மூடு" என்பார். ஏற்று என்றால் அந்தப் பாக்கி புது நோட்டுக்குப் போகும். மூடு என்றால் பழைய நோட்டிலேயே கிடந்து மக்கும்.

மூடச் சொல்வதில் அப்பாவுக்கு ஒரு முறை இருந்தது. செத்துப்போனவர் கணக்கை மூடுவார். பிள்ளைகளிடம் கேட்க மாட்டார். பெங்களூர்ப் பக்கம் கட்டட வேலைக்குக் குடும்பத்தோடு போய்த் திரும்பாதவர் கணக்கை இரண்டு சித்திரை பார்த்துவிட்டு மூடுவார். குடித்துத் தீர்ப்பவன் கணக்கை மூடவே மாட்டார், வராது என்று தெரிந்தாலும். அம்மா அதற்கு நேர் எதிர். "அவன் குடிக்கிறான், அவன் பொண்டாட்டி என்ன பண்ணுவா? மூடுங்க" என்பாள். ராத்திரி பத்து மணி வரை இந்த வழக்கு நடக்கும்.

மூடிய செய்தியைச் சம்பந்தப்பட்டவரிடம் சொல்லவே மாட்டார்கள். ஒரு தடவை கேட்டேன், சொன்னால் சந்தோஷப்படுவார்களே என்று.

"சொன்னா நாளைக்கு ஊர் பூரா வந்து நிக்கும். அது ஒண்ணு" என்றார் அப்பா. கொஞ்சம் பொறுத்து, "இன்னொண்ணு, வுட்டுட்டேன்னு சொல்லிட்டா அவன் கடைக்கு வர மாட்டான். பாக்கி வெச்சவனாவது வெக்கப்பட்டுக்கிட்டு என்னைக்காவது வருவான். தள்ளிவுட்டவன் அடுத்த தெரு வழியா பூடுவான்."

பலகை சொல்வதுபோல முறிவது அன்புதான் என்று அவர் நம்பியதாகத் தெரியவில்லை. வியாபாரம் முறியும் என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே இல்லை. 1976-ல் குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்தபோது ஏழைகளின் கடனை ரத்து செய்கிற சட்டம் ஒன்று தமிழ்நாட்டுக்கு வந்தது. அடகு வைத்த அண்டா குண்டாவைக் கேட்டு ஜனங்கள் வட்டிக்கடை வாசலில் நின்றதை அப்பா ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார். வட்டிக்கடைக்காரர் ஒருவர் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடையைப் பூட்டினாராம். அடுத்த ஆடியில் அதே ஜனங்கள் கைமாற்றுக்கு அலைந்தார்களாம். கதையை முடிக்கும்போது அப்பா எந்தப் பக்கம் நிற்கிறார் என்று கண்டுபிடிக்க முடியாது.

படிப்பு முடிந்து ஓசூரில் சிப்காட் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன். நான் கிறிஸ்தவனாகவில்லை, ஆனால் செபமும் என்னை விட்டுப் போகவில்லை. அந்தச் செபத்தின் வால் எவ்வளவு நீளம் என்பதில் தகராறு உண்டு என்பதே அங்கேதான் தெரிந்தது. எலத்தகிரிக்காரர் ஒருவர் கூட வேலை செய்தார், கத்தோலிக்கர். அவர் வீட்டுத் துக்கத்துக்குப் போயிருந்தபோது எல்லோரும் சேர்ந்து செபம் சொன்னார்கள். தீமையிலிருந்து காக்கச் சொல்லிக் கேட்டதும் நிறுத்திவிட்டார்கள். நான் மட்டும் ராஜ்யம், வல்லமை, மகிமை என்று தனிக்குரலில் ஓடிக்கொண்டிருந்தேன். பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மத்தேயு எழுதியதாகக் கிடைத்திருக்கிற மிகப் பழைய பிரதிகளில் அந்த வால் கிடையாது என்றும், ஆதிச் சபையின் கையேடு ஒன்றில் அதன் ஒரு வடிவம் இருக்கிறது என்றும் பிறகு படித்தேன். அந்தக் கையேடுதான் இதை நாளுக்கு மூன்று வேளை சொல்லச் சொல்கிறது. ஹாஸ்டலில் இரண்டு வேளையோடு விட்டார்கள்.

ஹாஸ்டலில் மனப்பாடப் பரிசாகக் கிடைத்த பைபிள் என்னிடம் இருந்தது. ஓசூர் அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுது போகாமல் அதைப் புரட்டினேன். பக்தியோடு படிக்கவில்லை, கணக்குப்பிள்ளையாகப் படித்தேன். அப்படிப் படித்தால் அது கூலியும் கடனும் நிறைந்த புத்தகம். மத்தேயு இருபதாம் அதிகாரத்தில் ஆட்கள் வேலைக்காகக் கடைத்தெருவில் நிற்கிறார்கள். பொழுது சாயப்போகிற நேரத்திலும் யாரும் கூப்பிடாமல் நிற்கிறார்கள். ஓசூர் பஸ் ஸ்டாண்டு ஓரம் தூக்குச்சட்டியோடு மேஸ்திரிக்குக் காத்து நிற்கிறவர்களை நான் தினம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். அந்தக் கதையில் ஒரு நாள் கூலி ஒரு வெள்ளிக்காசு, தெனாரியம். பதினெட்டாம் அதிகாரத்தில் ராஜாவிடம் பத்தாயிரம் தாலந்து கடன்பட்ட ஒருவன் வருகிறான். ஒரு தாலந்து ஆறாயிரம் தெனாரியம். பேப்பரை எடுத்துப் போட்டுப் பார்த்தேன்: ஆறு கோடி நாள் கூலி. ராஜா விட்டுவிடுகிறார். வெளியே வந்தவன் தனக்கு நூறு நாள் கூலி பாக்கி வைத்தவனின் கழுத்தைப் பிடிக்கிறான்.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் ஹாஸ்டலில் எங்கள் கடைக்குள் வந்துவிட்டதாகத் தோன்றிய அந்த இரண்டு வரிகளும் ஏன் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன என்று தெரிந்தது. அவை இரண்டு விஷயம் இல்லை. கலிலேயாவில் இயேசுவைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் வலை இழுப்பவர்கள், அறுப்புக்குப் போகிறவர்கள், வரி கட்டுகிறவர்கள். அவர்களுக்கு இன்றைய சோறு கிடைக்காவிட்டால் நாளைக்கு அது கடன். சோற்று வரிக்கு அடுத்த வரி கடன் வரியாகத்தான் இருக்க முடியும். எங்கள் நோட்டிலும் அதே வரிசைதான்: அரைப்படி அரிசி, பிறகு பாக்கி. ஒரு வருஷத்துக்குச் சேர்த்து நெல் வாங்கிக் குதிரில் கொட்டியவன் இன்றைக்கு மட்டும் கொடு என்று கேட்கமாட்டான். இது கல்லாவுக்கு அந்தப் பக்கம் சீசாவை நீட்டிக்கொண்டு நிற்கிறவர்களின் செபம். கல்லாவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த வீட்டிலிருந்து போய், நான் அதை நாளுக்கு இரண்டு தடவை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதற்குப் பின்னால் இருந்த சட்டத்தையும் படித்தேன். உபாகமம் பதினைந்தாம் அதிகாரம், ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை கடன்களை விட்டுவிட வேண்டும் என்கிறது. அதே அதிகாரம், ஏழாம் வருஷம் கிட்டே வருகிறதென்று ஏழைக்குக் கடன் கொடுக்காமல் இருந்துவிடாதே என்று எச்சரிக்கவும் செய்கிறது. எச்சரிக்கை பலிக்கவில்லை. ஏழாம் வருஷம் நெருங்கினால் கடன் கொடுப்பவர்கள் கையை மூடிக்கொண்டார்கள். இயேசுவுக்கு ஒரு தலைமுறை முந்தியவரான ஹில்லேல் என்ற ஆசிரியர் இதைப் பார்த்து ஒரு வழி செய்தார். கடன் பத்திரத்தை நீதிமன்றத்தின் பேருக்கு மாற்றி எழுதிவிட்டால் ஏழாம் வருஷ ரத்து அதைத் தொடாது. ஏழைக்குக் கடன் கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர் நியாயம். அப்பாவுக்கு இது தெரிந்திருந்தால் ஹில்லேல் படத்தையும் லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பார். ஆனால் அந்த ஏற்பாடு எங்கே போய் முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கி.பி. 66-ல் எருசலேமில் கலகம் வெடித்தபோது, கலகக்காரர்கள் கடன் பத்திரங்கள் இருந்த ஆவணக் கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள் என்று யோசேப்பஸ் எழுதுகிறார். கடன்பட்டவர்களைத் தங்கள் பக்கம் இழுக்க அதுதான் வழி என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நம் ஊரில் கடன் ரத்து கெஜட்டில் வரும். 2006-ல் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி, 2008-ல் மத்திய அரசின் தள்ளுபடி, 2021-ல் மறுபடி கூட்டுறவுக் கடன், 12,110 கோடி ரூபாய். ஒவ்வொரு தடவையும் எங்கள் கடை வாசலில் பேச்சாகக் கிடக்கும். அதில் பேர் இருந்தவர்கள் சிட்டா அடங்கல் உள்ளவர்கள். நிலம் இருந்தால் பயிர்க்கடன், பயிர்க்கடன் இருந்தால் தள்ளுபடி. சீசா கொண்டுவருகிறவருக்கு ரத்து செய்ய ஒரு பேங்குக் கடன்கூட இருந்ததில்லை. அவர் கடன் என் தம்பியின் நோட்டில் இருந்தது. அதற்குக் கெஜட் கிடையாது.

ஆக, செபத்தைப் புரிந்துகொண்டாயிற்று என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு இடம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. இது இல்லாதவர்களின் செபம் என்றால், கடன் வரியின் மறுபாதி யாருடையது? எங்களுக்குப் பாக்கி வைத்தவர்களை நாங்கள் விட்டுவிடுகிறோம் என்று சொல்கிறார்களே, அரைப்படி அரிசிக்குச் சொல்லிவைக்கிற மனிதருக்கு யார் பாக்கி வைத்திருப்பார்கள்? செபம் முழுவதிலும் கேட்கிறவர் தன் பக்கத்திலிருந்து எதையாவது செய்வதாக ஒப்புக்கொள்கிற இடம் அது ஒன்றுதான். மத்தேயுவில் செபத்தைச் சொல்லி முடித்த கையோடு இயேசு திரும்ப வந்து விளக்குகிற ஒரே வரியும் அதுவே. அவ்வளவு முக்கியமான வரியை, கொடுக்க ஒன்றுமில்லாதவர்கள் வாயில் வைத்து என்ன பயன்? அப்பாவிடம் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார். அவர் கணக்கு அதற்குள் முடிந்துவிட்டது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சிங்காரப்பேட்டைக்கே வந்துவிட்டேன். தம்பி கடையைப் பார்க்கிறான்; சாயங்காலம் கூட்ட நேரத்தில் நானும் பொட்டலம் மடிக்கிறேன். பலகைகள் போய் ஜிபே ஸ்கேனர் வந்திருக்கிறது. நோட்டு மட்டும் போகவில்லை. ஊரிலிருந்து பெண்பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸில் ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். அவர்கள் சம்பளம் போட்ட வாரத்தில் நோட்டில் கோடு விழும், மாதக் கடைசியில் மறுபடி வரி ஏறும். வீட்டில் இருக்கிற பெண்கள் குழுக் கடனில் இருக்கிறார்கள். பத்துப் பேர், பதினைந்து பேர் சேர்ந்து ஒரு குழு. வாரம் ஒரு நாள் யார் வீட்டுத் திண்ணையிலாவது கூடுவார்கள். பைக்கில் பீல்டு ஆபீசர் வருவார். கூட்டம் தொடங்கும்போது எல்லோரும் எழுந்து நின்று உறுதிமொழி சொல்வார்கள்: தவணையை நேரத்துக்குக் கட்டுவோம், குழுவில் ஒருவரால் முடியாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்டுவோம் என்கிற மாதிரி. எங்கள் பக்கத்து வீட்டுத் திண்ணையிலிருந்து அதை முதல்முதலாகக் கேட்டபோது எனக்கு ஹாஸ்டல் ஞாபகம் வந்தது. அதே வேகம், அதே இடத்தில் மூச்சு.

கரை கடந்த ஃபெஞ்சல் புயல் 2024 டிசம்பர் தொடக்கத்தில் இந்தப் பக்கம் வந்து நின்றது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. ஏரி நிரம்பி ரோட்டில் பாய்ந்து, ஊத்தங்கரையில் நிறுத்தியிருந்த வண்டிகளை அடித்துக்கொண்டு போன படத்தை நாடு முழுவதும் செல்போனில் பார்த்தது. எங்கள் ஊரிலும் தாழ்வான தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர். கூலி இல்லை, அடுப்பு எரியவில்லை. தம்பி நோட்டில் அந்த வாரம் பக்கம் பக்கமாக நிரம்பியது. தவணை நாள் மட்டும் மழைக்கு நிற்கவில்லை. சேறு காய்வதற்குள் பைக்குகள் வந்துவிட்டன.

அந்த மழைக்குப் பிறகு ஒரு சாயங்காலம் ரவை வாங்க வந்த ஒரு தங்கச்சியிடம் பேச்சுக் கொடுத்தேன். சபைக்குப் போகிறவர். புருஷன் பெங்களூரில் கம்பி கட்டுகிறார். மகள் கம்பெனியில் வேலை செய்கிறாள்.

"உங்க குழுவுல எல்லாரும் கட்டிட்டீங்களாம்மா அந்த வாரம்?"

"எங்கண்ணா கட்றது. எங்களுதுல ஒருத்தி வூடே உழுந்துட்ச்சி. அவளுத நாங்க நாலு பேரு போட்டுக் கட்டினோம். எம் பங்கு இருநூறு."

"திருப்பிக் குடுத்தாளா?"

"யாரு கேட்டா? அவ மூஞ்சியப் பாத்தா கேக்க முடியுமா? அது போச்சு."

நான் ரவையை நிறுத்துக்கொண்டே இருந்தேன். தராசு முள் எப்போதோ நேராகிவிட்டிருந்தது.

"அப்புறம் தை மாசம் எம்புருஷன் பணம் அனுப்பல. எனுக்குத் தவணைக்கு இல்ல. வேற ரெண்டு பேரு கட்டுனாங்க. அவங்களுக்கு நா இன்னும் குடுக்கல. அவங்களும் கேக்கல."

யாரும் யாரிடமும் சொல்லி மூடிய கணக்கு இல்லை. எந்த நோட்டிலும் எழுதப்படாத கணக்கு. மூன்று வீடு தள்ளி இருப்பவளுக்கு இருநூறு, அடுத்த தெருக்காரியிடமிருந்து நூற்றைம்பது, இடையில் ஒரு ஆழாக்கு அரிசி, ஒரு தீப்பெட்டி. கடன் கொடுத்த கம்பெனிக்குப் போக வேண்டிய தவணை போய்ச் சேர்ந்துவிட்டது. அதைப் போகவைத்த சின்னச் சின்னக் கடன்கள் இவர்களுக்குள்ளேயே பிறந்து இவர்களுக்குள்ளேயே செத்துக்கொண்டிருக்கின்றன. சீசாக்காரருக்கு யார் பாக்கி வைப்பார்கள் என்று ஓசூரில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். கல்லாவின் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அங்கே வரிசையாக நிற்கிறவர்கள்தான் தெரிவார்கள். வரிசையில் நிற்கிறவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்குவது தெரியாது.

கேட்டுவிடுவது என்று முடிவுசெய்தேன். "சபையில பரமண்டல செபம் சொல்றீங்க இல்ல? அதுல கடன் வரி வரும்போது இதெல்லாம் நெனப்புக்கு வருமா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தம்பி கல்லாவிலிருந்து தலையைத் தூக்கினான்.

"செபம் பண்ணும்போது யாராவது கணக்குப் பாப்பாங்களாண்ணா?" என்றார். பிறகு, "ரவை கால் கிலோதான் கேட்டேன், அரைக் கிலோ போட்டு வெச்சிருக்கீங்க."